பறியைப் பல்லில் கடித்தவர்

சென்னையில் வாடகை கட்டி மாளவில்லை. என் கணவருக்கு மீஞ்சூரில் வேலை கிடைத்ததும் பழவேற்காடு ஏரிக்கரையில் வீடு பிடித்துக் குடிவந்தோம். பாதி வாடகை என்றதும் வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வாசலிலிருந்து இருபதடியில் தண்ணீர் என்பதுகூட.

அந்தத் தண்ணீரில் தினமும் ஒரு பெண் இடுப்பளவுக்கு இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார். நான் சிரித்தால் புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

மூன்றாம் நாள் காலை, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் இரண்டு வயது மகளைக் காணோம். கதவு திறந்து கிடந்தது. கரைக்கு ஓடி அலறினேன்.

அவர் வாயைத் திறந்தார். பறி விழுந்து, பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போனது.

"நீ வூட்ல தேடும்மா, நான் இங்க பாக்குறேன்."

கழுத்தளவு அமிழ்ந்து அடியைத் தடவிக்கொண்டே போனார். இறாலைத் தேடும் அதே கைகள்.

மகள், பாதி பிரித்த துணிப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

"அக்கா, கெடச்சுட்டா!"

அவர் நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தார். கரையேறி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"இந்த வாட்டி கையில ஒண்ணும் தட்டலம்மா," என்றார்.

அன்றே கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டோம். அவர் இன்றும் பறியைக் கடித்தபடி இறங்குகிறார். எந்த வாட்டி தட்டியது என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.