தஞ்சாவூர் ஆள்

துபாயில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று என் மகன் பெட்டியோடு வந்து நின்றபோது, மகளுக்கு ஒரத்தநாட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணின் அண்ணன் துபாயில் இருக்கிறான் என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. அவன் வந்துவிட்டதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

அவன் வாங்கிப் போட்டிருந்த கார் வெயிலிலேயே கிடந்து, முன்விளக்கு இரண்டும் மஞ்சள் பூத்திருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, உப்புத்தாளும் வாளித் தண்ணீருமாக வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"தெருவுல உக்காந்துதான் தேய்க்கணுமா? கொல்லைக்குக் கொண்டு போயேன்டா."

"கொல்லையில கார் நுழையாதும்மா."

தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தான். மஞ்சள் போனது. ஆனால் விளக்கு பால் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது.

"இருந்ததையும் கெடுத்துட்டியேடா!"

"முதல்ல இப்படித்தான் ஆகும். பேஸ்ட் வச்சுத் தேய்ச்சா தெளிஞ்சிடும், பாரு."

பல் தேய்க்கிற பேஸ்டைத் துணியில் பிதுக்கும்போதுதான் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார்.

"மன்னார்குடி கோயிலுக்குப் போறோங்க. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

சீக்கிரம் கிளம்பட்டும் என்று வாசலிலேயே நாற்காலி போட்டேன். அவர் பார்வை காரின் பக்கம் போனது.

"யாருங்க, வேலைக்கு ஆளா?"

"ஆமாங்க. தஞ்சாவூர் ஆளு."

எப்படி வந்தது அந்தச் சொல், தெரியவில்லை. நான் நினைக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது. தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்று, மறுபடி தொடங்கியது.

"மகன் போன் பண்ணுவாருங்களா?"

"வாராவாரம் பேசுவான்ங்க" என்றேன். என் முதுகுக்குப் பின்னால்தான் அவன் இருந்தான்.

மகள் தட்டில் காபி கொண்டுவந்தாள். விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு டம்ளரோடு நேராகக் காரிடம் போனாள்.

"அண்ணே, கையைக் கழுவிட்டு எடுத்துக்க. ஆறிடும்."

"அண்ணனா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க அத்தை. எங்க அண்ணன்தான். துபாய்லேர்ந்து வந்துட்டாரு. இனிமே இங்கதான்."

கல்யாணம் நின்றுபோகலாம் என்று தெரிந்தேதான் சொன்னாள். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அந்த அம்மாள் நிதானமாகக் காபியைக் குடித்தார். எழுந்து போய் விளக்கைக் குனிந்து பார்த்தார்.

"நல்லாத் தெளிஞ்சிருச்சே தம்பி" என்று அவனிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

ஒரு வாரம் தகவலே இல்லை. அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு போடும்போதுகூட நான் நிமிரவில்லை. பிறகு சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணமும் நடந்தது.

இப்போதும் சம்பந்தியம்மாள் போன் செய்தால் முதல் கேள்வி அதுதான்: "தஞ்சாவூர் ஆளு சௌக்கியமாங்க?"

அதைக் கேட்டு என் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே அவன் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.