வெள்ளையடித்த தண்ணீர்த்தொட்டி

காஜா பெராங் குடியிருப்பில் கலியாணசுந்தரம் கட்டிய வீட்டில் வெயிலே வேலையாள். பொதுப்பணி இலாகாவில் வரைபடம் வரைபவராக இருந்த அவர், தம் மனைவி கமலவேணியின் இளைப்பு நோயை மனத்தில் வைத்தே அவ்வீட்டைத் திட்டமிட்டார். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருந்தன; காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே பட்டது. வெக்கை வெளியேறக் கூரைக்கடியில் திறப்புகள் இருந்தன. கூரைமீது கறுப்புச் சாயம் பூசிய இரும்புத் தொட்டி. நண்பகலுக்குள் அதிலுள்ள நீர் கை பொறுக்காத அளவுக்குச் சூடேறிவிடும். கூட்டுக்குடும்பம் முழுவதும் அந்நீரில்தான் குளித்தது. சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில். ஆகவே, விறகுப் புகைக்கு அங்கே இடமில்லை. உட்கார்ந்தபடியே உறங்கிப் பழகிய கமலவேணி, அவ்வீட்டுக்கு வந்தபின்தான் படுத்து உறங்கினார்.

நிலம் மட்டும் அண்ணன் பொன்னுதுரையின் பெயரில் இருந்தது. பெற்றோரை இழந்த தம்பியை வளர்த்தவரும் அவரே.

1957ஆம் ஆண்டு வைகாசியில் மகள் சீதாவின் திருமணம். பந்தற்கால் நட வந்த பொன்னுதுரை கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“என்னடா தம்பி, கல்யாண வீட்டு உச்சியில எருமை படுத்திருக்கு! சம்பந்திக்காரங்க சிரிக்க மாட்டாங்களா? மங்கல காரியம் லா. வெள்ளை அடி.”

“வெள்ளை அடிச்சா தண்ணி சூடாகாதுண்ணே. அப்புறம் விறகுதான் எரிக்கணும்.”

“எரி. ஊரே எரிக்குது.”

கதவுக்குப் பின்னாலிருந்து கமலவேணி கணவரிடம் சொன்னார்: “அந்த எருமைதான் எனக்கு மூச்சு குடுக்குதுன்னு உங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்றார் பொன்னுதுரை. “பொண்ணுக்குத் தலைதீபாவளி முடியட்டும். அதுவரைக்கும் வீட்டுமேல கறுப்பு ஆகாது. அப்புறம் உங்க எருமைய நீங்களே மேய்ச்சுக்குங்க.”

கலியாணசுந்தரம் தாமே ஏறி வெள்ளையடித்தார். குளியலறையின் பின்புறம் ரப்பர் விறகு அடுப்பு மூட்டப்பட்டது. வெக்கை வெளியேற அவர் வைத்த திறப்புகள் வழியே புகை உள்ளே வந்தது.

ஆகஸ்டு முடிவில் ஊர் மெர்டேக்காவை, ஆங்கிலேயரிடமிருந்து நாடு பெற்ற விடுதலையை, கொண்டாடியது. அடுக்கிய தலையணைகளில் கமலவேணி சாய்ந்திருந்தார்.

“ஏணி அங்கதானே இருக்கு? ஏறுங்களேன்.”

“அண்ணன் பேச்சை எப்படிம்மா தட்டுறது? தீபாவளி வந்துரும்.”

அதன்பின் கமலவேணி கேட்கவில்லை. புரட்டாசியில் இறந்தார்.

கருமாதி முடிந்ததும் பொன்னுதுரை தம்பியின் தோளைத் தொட்டார். “இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லடா. இனிமே கறுப்பே அடிச்சுக்க. தடையில்ல.” உண்மையான பரிவுடன்தான் சொன்னார்.

கலியாணசுந்தரம் ஏணியைத் தொடவில்லை. அந்த மாதமே ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஓய்வு பெறும்வரை பிறர் குடியிருக்கும் வீடுகளை வரைந்தார். காஜா பெராங்கில் விறகு எரிந்துகொண்டிருந்தது.