சட்டிக்குள் உட்கார்ந்த காற்று

எலுமிச்சம்பழச் சாறு ஆப்பசோடாவின் மேல் விழுந்ததும் ‘சொர்’ரென்று பொங்குமே, அந்தச் சத்தமும், குனிந்து முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த நெடியும் இன்றைக்கும் என் உடம்பில் ஒரு துள்ளலை உண்டாக்கிவிடும்.

திருத்தணியில் நான் ஐந்தாவது படித்த வருஷம், டீச்சர் ஒரு சொம்பில் அப்படிப் பொங்கவைத்து, நுரை அடங்கியதும், உள்ளே இருந்த சாறு சிந்தாமல் சொம்பை மெல்லச் சாய்த்து, சட்டிக்குள் எரிந்த அகல்விளக்கின் மேல் வெறும் காற்றை ஊற்றினார். விளக்கு அணைந்துபோனது! “இந்தக் காத்துக்குக் கனம் அதிகம். தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கும், நெருப்ப அணைக்கும்” என்றார். “வெளக்க வாயால ஊதினா வூடு வெளங்காது” என்று கேட்டே வளர்ந்த நாங்கள், வாயும் படாமல் கையும் படாமல் ஒரு விளக்கு அணைந்ததைப் பார்த்துக் கூத்தாடினோம். கூத்தாடினோம் என்றால் மற்றவர்கள்தான். நான் வழக்கம்போல வாயைத் திறக்காமல், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் சரோஜா அக்காவைப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்ததால், தறியை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போன நைனாவின் முகத்தில்கூடப் பயம் இருந்தது. காற்றுக்கு அணையாமல் இருக்க அம்மா விளக்கை ஒரு சட்டிக்குள்தான் ஏற்றி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அடுக்களைக்குப் போய்ச் சொம்பில் பொங்கவைத்து எடுத்து வந்து சாய்த்தேன். அணைந்தது! எனக்கே வந்துவிட்டது!

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். நான் தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மா பதறிப்போய்க் குச்சியைக் கிழித்துச் சட்டிக்குள் நீட்டினாள், அவிந்தது. இன்னொரு குச்சி, அதுவும் அவிந்தது. மாப்பிள்ளையின் அத்தை எழுந்தே விட்டார்.

“என்னாம்மா இது, கொளுத்தக் கொளுத்த அவிஞ்சிகினே கீது? சகுனம் செரியில்ல. வாங்க, போலாம்.”

காபித் தட்டோடு நின்ற அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

“சகுனம் இல்லீங்க அத்தே, காத்து! சட்டிக்குள்ள குந்திகினு கீது. கொட்டிடறேன், பாருங்க.”

விளக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு வெறும் சட்டியைக் கவிழ்த்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விளக்கை மறுபடி உள்ளே வைத்துக் குச்சியைக் கிழித்தேன். சுடர் அசையாமல் நின்றது!

“இன்னொரு தபா காட்டு பாப்பா” என்றார் மாப்பிள்ளை.

“டேய், எரியற வெளக்க அவிக்கச் சொல்றியா? கண்ணாலம் ஆவட்டும், நம்ம வூட்டு அடுப்பையே அவிச்சிக் காட்டுவா!” என்று அத்தை சிரித்தார். “வாயே தொறக்காத பொண்ணுன்னாங்க, வக்கீலு கணக்கா பேசறா!”

அப்படித்தான் அந்த மாப்பிள்ளை எனக்குப் பாவா ஆனார். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனாலும், பள்ளிப்பட்டுக்கு நான் போகும்போதெல்லாம் விளக்கு வைக்கிற வேளையில் “டீச்சரம்மா, காத்தக் கொட்டியாச்சா?” என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

இப்போது அந்த வீட்டில் பாவா படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு எரிகிறது. சட்டியும் இல்லை, தீக்குச்சியும் வேண்டாம். போன மாதம் பொழுது சாயும்போது அதன் எதிரில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“கொட்டியாச்சாடி?”

“ஆங், கொட்டிட்டேன்க்கா.”