பீடிக்குத் தடை வாங்க வெள்ளிமலைக்குப் போனேன்

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். போன ஆவணியில் நான் போனது, என் அண்ணனுடைய பீடியை நிறுத்தச் சொல்லி ஒரு வைத்தியரிடம் கெஞ்சுவதற்காக. எனக்கு இதெல்லாம் தேவையா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டேதான் போனேன்.

அண்ணனுக்கு நைனார்பாளையத்தில் மூன்று மாடுகளும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. ஒரு வருடமாகவே காலையில் விரல்கள் மடங்குவதில்லை. பால் கறப்பது இப்போது அண்ணிதான். கள்ளக்குறிச்சி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் சி.சி.பி. சோதனையில் அளவு எகிறிக் கிடந்தது.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். நம் புரதங்களில் அர்ஜினின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. சில நொதிகள் அதைச் சிட்ருலினாக மாற்றிவிடும். எல்லார் உடம்பிலும் கொஞ்சம் நடப்பதுதான், ஆனால் புகை பிடிப்பவர்களின் நுரையீரலில் அதிகம். சிலருடைய உடம்பு, அப்படி மாறிய தன் சொந்தப் புரதத்தையே வெளியாள் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடும். அந்தச் சண்டை மூட்டில் வந்து இறங்கும். வாரம் ஒருமுறை மாத்திரை போட வேண்டும், பீடியை விட வேண்டும். இரண்டில் எதைச் செய்யத் தவறினாலும் விரல் கோணிப்போகும், அப்புறம் நிமிர்த்த முடியாது.

"பொகை போறது நெஞ்சுக்கு. வலி வெரல்ல. இன்னா டாக்டரு இவுரு?" என்றார் அண்ணன், வெளியே வந்து பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டே.

டாக்டர் சொன்னதில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார், மற்றது காதில் ஏறவில்லை. மலை வைத்தியர் பேச்சு என்றால் வேதம். முட்டிக்குப் பூச அவர் கொடுத்த எண்ணெய்க்காக, கத்தரிக்காய், கருவாடு, புளி மூன்றையும் மாதக்கணக்கில் தொடவில்லை. கருவாட்டுக் குழம்பு கிடைக்கவில்லை என்று விருந்தில் கோபித்துக்கொண்டு எழுந்து வந்த மனிதர்! பீடியைக் கேட்டால், "அது பத்தியத்துல இல்லியே" என்பார். சரி, பத்தியத்தில் சேர்த்துவிட்டால் போயிற்று என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அதுதான் அண்ணனையும் கூட்டிக்கொண்டு இந்தப் பயணம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை சுமார் நாற்பது கிலோமீட்டர். ஏழரை மணிப் பேருந்து எட்டரைக்கு வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது இடம் இல்லை. அண்ணனால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, வளைவுக்கு வளைவு என் மேல் சாய்ந்தார். "பெரியவரே, கெட்டியா புடிச்சிக்கினு நில்லுங்க!" என்று நடத்துனர் கத்தினார். முடிந்தால் பிடிக்கமாட்டாரா? ஐம்பது வயது ஆளைப் பெரியவர் என்று வேறு.

வெள்ளிமலையிலிருந்து வைத்தியர் வீட்டுக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய், பேரம் படியாது. நான் நொதி, புரதம் என்று தொடங்கியதும் வைத்தியர் கையை உயர்த்தினார்.

"பொகை ஆவாதும்மா. இனிமே பீடி வேணாம்."

அவ்வளவுதான். அண்ணன் தலையாட்டிவிட்டார்! ஒரு வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியது அரை நிமிடத்தில் முடிந்தது. சந்தோஷப்படக்கூட அவகாசம் இல்லை. "இங்கிலீசு மாத்திரையும் நிறுத்திடுங்க" என்றார் அவர் அடுத்த மூச்சில்.

"அதை நிறுத்தினா விரல் கோணிடுங்க!"

"ரெண்டு வைத்தியம் ஒண்ணா ஓடுனா எது கேட்டுதுன்னு எப்புடிம்மா தெரியும்?"

எவ்வளவோ வாதாடினேன். அவர் மசியவில்லை. அண்ணனோ என்னைத்தான் முறைத்தார். ஒன்றை விட வைக்கப் போய் இன்னொன்றையும் பறிகொடுத்தேன். என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

இறங்கும் பேருந்தில் அண்ணன் பீடிக்கட்டை ஜன்னல் வழியே எறிந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "இத நீயே வச்சிக்க பாப்பா" என்று நீட்டினார். விரல்கள் பிடிக்கவில்லை. அட்டை நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வரவில்லை. மறுபடி முயன்றார். நான்தான் எடுத்தேன்.

அவர் வெகுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதாலதான் ஏர் புடிச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும்தான்.

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். மாத்திரையை என் கையால போடுறேன். பத்தியம் முறிஞ்ச பாவம் எனக்கே வரட்டும்" என்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை முதல் பேருந்தையே பிடியுங்கள், மாலையில் இறங்குவதற்குக் கூட்டம் தாங்காது. கை வலிக்காரர்களுக்கு உட்கார இடம் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். காலையில் விரல் மடங்காமல் நாள்கணக்கில் இழுத்தால் மலைக்குப் போவதற்கு முன்னால் மருத்துவமனைக்குப் போங்கள். பத்தியம் கேட்பதானால், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தமாட்டோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.