மூன்று வயது மூப்பு

என் கணவரைவிட நான் மூன்று வயது மூத்தவள். இந்த ஒரு வரியை இவ்வளவு சாதாரணமாக எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணக்கு எழுதுகிறவள். அவர் லாரியில் பண்டல் ஏற்றப் புதிதாக வந்து சேர்ந்தவர். ஆரம்பத்தில் நான் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது எப்படி மாறியது என்ற விவரம் இங்கே வேண்டாம். கல்யாணப் பேச்சு வந்தபோது சாதியில் தகராறு இல்லை, வசதியில் ஏற்றத்தாழ்வு இல்லை, ஜாதகம்கூடக் கூடிவந்தது. வயது மட்டும் இடித்தது. ஒருவழியாகச் சம்மதித்து மணமேடை ஏற்றினார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும்போது அவருடைய அத்தை ஒருத்தி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "மாப்பிள்ளைக்குப் பக்கத்துல அவன் அக்கா வந்து நிக்கிற மாதிரில்லா இருக்கு!"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு மனதில் தைத்ததுதான், அப்புறம் பிடுங்கவே முடியவில்லை.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கொச்சிக்கு, மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டோம். கொச்சங்காடியில், சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் நடத்திவந்த மாவு மில்லைக் கைமாற்றி எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் அதுதான் பிழைப்பு. புட்டுக்கும் அப்பத்துக்கும் ஊறவைத்த அரிசி, மிளகாய், மல்லி, நம் ஆட்கள் கொண்டுவரும் கேப்பை, சிகைக்காய் எல்லாம் அரைப்போம். அவர் மிஷினில் நிற்பார், நான் தராசில் உட்காருவேன். சாயங்காலம் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் தலையும் ஒரே வெள்ளையாக இருக்கும். குளித்தால் அவருடையது கறுத்துவிடும். முப்பத்தைந்து தாண்டியதும் என்னுடையது முழுசாகக் கறுக்க மறுத்தது.

முதல் நரையைப் பார்த்த அன்றே டை பாக்கெட் வாங்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை. மூப்பு என்பது காகிதத்தில் இருக்கிறவரை பரவாயில்லை, தலையில் ஏறி உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில்லைச் சாத்தியதும், பின்கட்டில் முக்காலி போட்டு உட்காருவேன். முன்பக்கம் நானே பூசிக்கொள்வேன். பின்னந்தலை எட்டாது. அதை அவர்தான் பழைய டூத் பிரஷ்ஷால் வகுந்து வகுந்து பூசிவிடுவார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதுகூட அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. "காது மடல்ல படுது பாருங்க" என்று நான் கத்துவேன். அவர் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

கொச்சி வெயிலுக்கும் வேர்வைக்கும் எந்தச் சாயம்தான் நிற்கும்? ரவிக்கைக் கழுத்தெல்லாம் கறுப்பு, தலையணை உறையெல்லாம் கறுப்பு. மழைக்காலத்தில் நெற்றியோரம் ஒரு கோடு இறங்கும். முந்தானையால் ஒற்றிக்கொண்டே தராசில் இருப்பேன். இதையெல்லாம் சலிக்காமல் செய்தேன். சாயங்காலம் படகு ஜெட்டிப் பக்கம் இரண்டு பேரும் நடந்துபோய் ஆளுக்கொரு சாயா குடித்துவிட்டு வருவோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது போதும் எனக்கு.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி, முகம் உளுந்தவடைபோல ஆகியிருந்தது. காதுக்குப் பின்னால் கொப்புளம். தோல் டாக்டர் இளம்பெண். பார்த்தவுடனே சொன்னாள்: "சேச்சி, டை வேணோ, கண்ணு வேணோ? தீருமானிச்சோ." எந்த டையும் கூடாது, மூலிகை என்று எழுதியிருந்தாலும் கூடாது என்றாள். சரி, மருதாணி போடலாமே என்று போட்டேன். வெயிலில் போய் நின்றால் தலை தேங்காய் நார்போல இருந்தது. கோபம் வந்து, போங்கடா நீங்களும் உங்கள் நிறமும் என்று எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

கோபத்தில் போடுவது சுலபம். அதற்கப்புறம் தினமும் கண்ணாடி பார்க்க வேண்டியிருந்தது. வகிட்டில் விரலகலத்துக்கு வெள்ளை, அப்புறம் அரைத் தலைக்கு வெள்ளை, நுனியெல்லாம் பழைய கறுப்பு. மில்லுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுகமில்லையா என்றாள் ஒருத்தி. வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று இன்னொருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கும்மா, இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள். அவள் தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. கறுப்பு முடி உள்ளவர்கள் வெள்ளை முடியைப் பாராட்டுவதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

உண்மையைச் சொன்னால், முடி வெளுத்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அரிப்பு போனது, ஞாயிற்றுக்கிழமை மிச்சமானது, தலை லேசாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நிற்பதுதான் பயமாக இருந்தது. அவருக்கோ ஐம்பத்தேழு வயதிலும் முடி கன்னங்கரேல் என்று அப்படியே இருந்தது. காதோரம் நாலு நரை வந்தால் குறைந்தா போய்விடுவார்? சாயங்காலம் ஜெட்டிக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்றேன். கடைவீதிக்குப் போனால் பத்தடி பின்னால் நடந்தேன். அவர் நின்று திரும்பிப் பார்ப்பார். நானும் நின்று, ஏதாவது கடையை வேடிக்கை பார்ப்பேன்.

நான் பயந்தது வைட்டிலாவில் நடந்தது. ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி என் தலையைப் பார்த்தாள், எழுந்தாள், அவரிடம் சொன்னாள்: "அம்மயெ இவிடெ இருத்திக்கோ சேட்டா." அக்காகூட இல்லை. அம்மா! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவர் என்ன செய்தார் தெரியுமா? "ஓ, தேங்க்ஸ் மோளே" என்று சிரித்துக்கொண்டே என்னை உட்காரவைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். "இது என் பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"பஸ்ல போற பிள்ளைக்கு எதுக்கு நம்ம குடும்பக் கதை? ஒனக்கு உக்கார எடம் கெடச்சிதுல்லா?"

"கூச்சம். அதான் சொல்லல."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அந்த வாரம் முழுக்க மில்லில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்படி நாங்கள் பேசாமல் இருந்த நாளில்தான் சங்கத்துச் செயலாளர் மில்லுக்கு வந்தார். இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. செயலாளர் ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறந்ததே இங்கேதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணாச்சி, வர்ற பங்குனியில உங்களுக்கு அறுபது திகையுதில்லையா? சங்கத்துல வச்சு அறுபதாம் கல்யாணம் ஜோராக்கிடலாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தீருமானிக்கலாம்" என்றார்.

நான் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பங்குனியில் அறுபது முடிகிறது எனக்கு. இவருக்கு எப்படி? இவரோ தலையைக்கூடத் தூக்காமல் "பாக்கலாம்" என்றார். செயலாளர் போகும்போது, "இந்த வயசுலயும் என்ன டை போடுறீங்கன்னு மட்டும் சொல்லிக் கொடுங்க அண்ணாச்சி" என்று சிரித்தார். இவரும் ஒரு டையின் பெயரைச் சொல்லி வைத்தார். என்னுடைய பழைய டை அது.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன். பெல்ட் சுற்றி நின்றது. "என்னங்க இது?" என்றேன்.

கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுச் சொன்னார். நாங்கள் இங்கே வந்த முதல் வாரம், வாடகை வீட்டுக்கார அம்மா வாசலில் வைத்து எங்கள் வயதைக் கேட்டாராம். லாரியோடு வந்துபோனதில் இவருக்கு அரைகுறை மலையாளம் தெரியும். எனக்கு அப்போது சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன், புரியவில்லை.

"ஒரு நிமிசம் யோசிச்சேன். கல்யாணத்தன்னைக்கு ஒன் மொகம் செத்துப் போச்சே, அது ஞாபகம் வந்துட்டு. என் வயச ஒனக்குச் சொல்லி, ஒன் வயச எனக்குச் சொல்லிட்டேன். பொறவு அதையே எல்லார்ட்டயும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"இத்தன வருசமாவா?"

"நீ யார்ட்டயும் வயசப் பத்திப் பேசவே மாட்ட. அதனால மாட்டிக்கிடல."

ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றது கடைக்காரர் என்பதால் என்று நினைத்திருந்தேன். ஓணத்துக்கு நடக்கும் வடம் இழுக்கிற போட்டியில் நாற்பது தாண்டியவர்களுக்கென்று ஓர் அணி உண்டு. இவர் முப்பத்தேழு வயதிலேயே அதில் சேர்ந்துகொண்டார். என்ன சோம்பேறித்தனம் என்று நானே திட்டியிருக்கிறேன். அந்த அணி வருடம் தவறாமல் ஜெயித்தது. மண்டி ஆட்கள் எல்லாம் இவர் தலையைப் பார்த்து, சாயம் போட்டு ஏமாற்றுகிற கிழவன் என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு துளி சாயம் தன் தலையில் பட்டிராத மனிதர். நான் என் வயதை மறைக்கப் பட்ட பாடெல்லாம் தலையோடு சரி. இவர் அந்த வயதையே வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் பிரியம் பொங்கியது, கோபமும் வந்தது. இதில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன செய்யப் போறீங்க?"

"செஞ்சிக்கிட வேண்டியதுதான். யாருக்குத் தெரியப் போவுது?"

அதுதான் எனக்கு ஆகவில்லை. அறுபதாம் கல்யாணம் புருஷனுடைய ஆயுளுக்காகச் செய்கிறது. வராத வயதை வந்துவிட்டதாகச் சொல்லி, அய்யரை வைத்து, ஹோமம் வளர்த்து, இவர் கையால் எனக்குத் தாலி கட்டிக்கொள்வதா? கேலிப்பேச்சுக்குப் பயந்து இவர் ஆயுளோடு விளையாடுவதா? அந்த இரண்டு மூன்று நாளும் இதே யோசனைதான். வேண்டாமென்று இவரையே சொல்லச் சொல்லலாம், வேறு காரணம் சொல்லித் தள்ளிப்போடலாம். ஆனால் என்னைக் காப்பாற்ற இவர் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். இவர் சொல்லவும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். அதற்குள் பழைய கறுப்பு நுனியை வெட்டியாகிவிட்டது. தோளுக்குச் சற்றுக் கீழே வரை மொத்தமும் வெள்ளை. சங்கக் கூடத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். செயலாளர் மாலை, இலை, மேளம் என்று பேசிக்கொண்டே போனார். நான் எழுந்தேன்.

"ஒரு நிமிசம். அறுபது இவங்களுக்கு இல்ல. எனக்கு. இவங்க என்னைவிட மூணு வயசு சின்னவங்க. நான்தான் மூப்பு."

எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அப்ப வடம் இழுத்ததெல்லாம் கள்ளக் கணக்கா?" என்றது. கூடமே சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இவரைப் பார்த்து, "நிஜந்தானா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நான் இவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து நிற்பது தெரிந்தது. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர்.

"நிஜந்தான். மூப்புன்னு தெரிஞ்சுதான் இவளக் கேட்டேன். ஏமாந்துல்லாம் கட்டல. இவதான் வேற பொண்ணு பாருன்னு வெரட்டுனா, நாந்தான் போகல. இத்தன வருசமா இத இவ ஒருத்திட்டதான் சொல்லிப் பாத்துட்டேன். இவதான் நம்ப மாட்டேங்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில், இத்தனை பேர் நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பிறகு பெண்கள் வரிசையைத் தாண்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அதில் உட்கார்ந்தேன்.