பாசியை ஒழித்த கதை

ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே பவளங்களைக் காப்பாற்றியவள் நான். இதை இன்றுவரை யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை.

பவளங்கள் இருந்தது கடலில் அல்ல. திருத்தணியில், எங்கள் வீட்டுக் கூடத்தில். சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்த அத்தை, கண்ணாடித் தொட்டியில் உப்புக் கலந்த நீர் நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களையும் விரல்நுனி அளவுப் பவளங்களையும் வளர்த்துவந்தாள். அந்த ஆனி மாதம் உள்ளே பச்சைப் பாசி முளைத்தது. முடிமுடியாக வளர்ந்து பவளங்களை மூடியது. இப்படியே விட்டால் செத்துப்போகும் என்றாள் அத்தை. நைனா வேறு கெடு வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, குட்டை மாதிரி கீது! ஆடிக் கிருத்திகைக்கு சொந்தக்காரங்க வருவாங்க. அதுக்குள்ள சரியாவலனா யாருக்காச்சும் குடுத்துடு."

அத்தையின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். நான் தேய்க்க, உதிரும் பாசியை அத்தை குழாயால் உறிஞ்சி எடுப்பாள். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தாள். பாசி தின்னும் நத்தைகளை வரவழைத்தாள். "தண்ணியில தீனி மிஞ்சினா அது பாசிக்குத்தான் எரு" என்று மீன் உணவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். ஆனாலும் தேய்த்த இடம் நான்காம் நாளே பச்சையாகிவிடும்.

முருகனிடமே முறையிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் எல்லோரும் வேண்டிக்கொண்டு மீனுக்குப் பொரி போடுவார்கள். வீட்டிலேயே மீன் இருக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்? தினமும் காலையில் அத்தை குளிக்கப் போனதும் ஒரு பிடி பொரி போட்டேன். அது தீனி என்றே எனக்குத் தோன்றவில்லை, அது வேண்டுதல்.

ஒருநாள் மாலை, தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பஞ்சைக் கையில் எடுத்த அத்தை, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைக் கிட்டே விடாமல் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அலசினாள். மறுநாள் காலை, பொரி டப்பாவோடு என்னை ஸ்கூட்டியில் ஏற்றினாள்.

"பொய்கையில போட்டு வேண்டிக்கலாம் வா. அங்க போட்டாதான் சாமிக்கு சீக்கிரம் சேரும். பாவம், எத்தினி மீனு பசியோட சுத்திகினு கீது!"

தினமும் போனோம். தினமும் தேய்த்தோம். மூன்றாம் வாரம் பாசி வெளிறி உதிர ஆரம்பித்தது. கிருத்திகையன்று பவளங்கள் விரிந்து நிற்க, வந்த சனமெல்லாம் தொட்டி முன்னால்தான் கூடியது. அத்தை என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"இந்தப் பாசிய ஒழிச்சது என் மருமவதான். ஒரு நாளுகூட பிரஷ்ஷ கீழ வெக்கல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மா தொட்டியில் போடப் பையிலிருந்து பொரியை அள்ளினாள். பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க போடாதீங்க பெரிம்மா. பொய்கையில போட்டாதான் சாமிக்கு சீக்கிரம் சேரும்."

நைனாவே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள், தோள்கள் குலுங்கின. சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பஞ்சு நிறைய ஊறிக் கிடந்த பொரியைப் பார்த்த பிறகும் அவள் என்னைத்தான் ஊர் முன்னால் நிறுத்தினாள் என்பது அன்று எனக்குத் தெரியாது.