வாயாடிக் கரண்டி

ஈயக்காரரை அந்தச் சுரங்கத்துக்குள் இழுத்துவிட்டது அவர் மனைவியின் தம்பி. மச்சான் அங்கே லிஃப்ட் ஓட்டுகிறவன். அதுவரை பழைய பேட்டரி ஈயத்தை உருக்குவதுதான் ஈயக்காரருக்குப் பிழைப்பு. இப்போது மலைக்கு அடியில் விஞ்ஞானிகளுக்கு ஈயச் செங்கல் வார்க்க வேண்டும். அதுவும் என்றோ மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஈயம்.

"புது ஈயம் ஆகாதாம்மா?" என்று அங்கிருந்த ஒரு விஞ்ஞானி அம்மாவிடம் ஈயக்காரர் கேட்டார்.

"அதுல கதிர்வீச்சு இருக்குண்ணே. ஓயாம தொணதொணக்கும். இது பல நூறு வருஷம் கடலுக்கடியில கிடந்து வாயை மூடிக்கிச்சு."

"அப்படி எதைக் கேக்க இவ்வளவு அமைதி?"

"இந்த ஈயச் சுவருக்குள்ள ஒரு படிகம் இருக்கும். அதுல ஒரு அணு சிதைஞ்சா ரெண்டு எலக்ட்ரான் வரும், கூடவே நியூட்ரினோங்கற பிடிபடாத துகளும் வரும். நியூட்ரினோ இல்லாம எலக்ட்ரான் மட்டும் வந்தா, நியூட்ரினோவும் அதோட எதிர்த்துகளும் வேற வேற இல்ல, ஒண்ணேதான்னு ஆயிடும்."

"வந்திருக்கா?"

"இதுவரைக்கும் வந்ததா உறுதியாகல."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி சிரித்தாள். "நான் பேசுறதைக் கேக்க நேரமில்ல. வராத ஒண்ணைக் கேக்கச் சுவர் கட்டறாராம்."

ஈயக்காரருக்கோ அன்றிலிருந்து மண்டைக்குள் அதே குடைச்சல். வந்தால் தன் சுவருக்குள்தான் வரவேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

வார்த்த ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டைக் கதிர்வீச்சு அளக்கும் கருவிக்குள் வைத்துச் சோதிப்பார்கள். கடைசித் தொகுதி தொணதொணத்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. கப்பல் ஈயம் இனிக் கிடைக்காது. படிகத்தை ஒட்டிய உள்சுவரில் ஓட்டை விழுந்தால் சோதனையே இல்லை.

"அண்ணே, எதால ஊத்தினீங்க?"

அவர்கள் கொடுத்த எஃகுக் கரண்டி ஒழுகியது. கைப்பழக்கத்தில் தன் கரண்டியையே எடுத்துவந்து ஊற்றியிருந்தார். "நல்லாத் தேச்சுக் கழுவினேனே" என்று அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பேட்டரி ஈயம் தோல்போல ஒட்டியிருந்தது.

"கரண்டியும் எங்கக்கா மாதிரியே வாயாடியா, மாமா?" என்றான் மச்சான். யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கல்லெல்லாம் வெளிச்சுவருக்கு ஆகும். அங்க பேசினா உள்சுவர் தடுத்துடும். உள்ளேதான் ஒரு வரிசை குறையுது" என்றார் அம்மா.

முந்தைய செங்கற்களைச் சீவியபோது விழுந்த துணுக்குகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றையெல்லாம் வாரி உருக்கினார். எஃகுக் கரண்டி அவர் பூட்ஸ் மேலெல்லாம் ஒழுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதாலேயே ஊற்றினார். வரிசை நிறைந்தது. சோதனைக் கருவி மூச்சுவிடவில்லை.

சுவரை மூடியதும் அங்கே அவருக்கு வேலை முடிந்தது. ஆனாலும் அடிக்கடி போன் போடுவார்.

"பேசிச்சாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

அவர் போனை வைப்பதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்: "என்னவாம், வந்துருச்சாமா?"